ஸ்கேன் செய்த பழைய நூல்களை இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் பொது நூலகத்தில், 1920 முதல் 1970 வரை வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். எவரும் இலவசமாகப் படிக்கும்படி அவற்றை இணையத்தில் வெளியிடலாமா?

பதில்: சிலவற்றை உடனே வெளியிடலாம், சிலவற்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இலாப நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி அக்கோப்பை ஊரறியப் பகிர முடியாது.

நூல் அச்சான ஆண்டைப் பார்த்து முடிவு செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்தியாவில், ஆசிரியர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1950இல் மறைந்த மறைமலையடிகளின் நூல்கள் 2011 முதல் எவருக்கும் உரியவை; 1925இலேயே அச்சான நூலானாலும், எழுதியவர் 1980இல் மறைந்திருந்தால் 2040 முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது எல்லாருக்கும் பொதுவாக்கிய நூல்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. மொழிபெயர்ப்பாக இருந்தால், மூல ஆசிரியரோடு மொழிபெயர்ப்பாளர் மறைந்த ஆண்டையும் பாருங்கள்.

இதழ்கள்தான் உண்மையான தலைவலி. ஒரே இதழில் உள்ள கதை, கட்டுரை, படம் ஒவ்வொன்றுக்கும் உரியவர் வேறாக இருக்கலாம். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று தெரியாவிட்டால், வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் என்று கணக்கிட வேண்டும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது வெளியிட உரிமம் கோரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி தருகிறதென்றாலும், நாளிதழ் அறிவிப்பு, சட்ட நடைமுறை என்று நீளும் அந்தப் பாதை சிறிய நூலகத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. அத்தகைய இதழ்களின் பொருளடக்கத்தை மட்டும் தட்டச்சு செய்து வெளியிடுங்கள். ஆய்வாளர் உங்களைத் தேடி வர அதுவே போதும்.

ஏற்றிய நூல் தேடுவோர் கண்ணில் பட வேண்டுமே! சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என மூன்று விதமாகப் பதிந்தால், ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்ற இரண்டிலும் உள்ள நூல்கள் அகப்படா. ஆகவே ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை முதலியவை கொம்பு வளைந்த பழைய வடிவில் இருப்பதால், ஸ்கேன் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (OCR) மென்பொருள் அவற்றைத் தவறாகப் படிக்கக்கூடும். முழு நூலையும் திருத்த ஆளில்லை என்றால், தலைப்புப் பக்கத்தையும் பொருளடக்கத்தையுமாவது கையால் திருத்திவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.