மலைக்கு மின்சார கார்: விலை, மானியம், கடன் பற்றி வந்த கேள்விகள்

போன முறை நான் மின்சார கார் வாங்கியதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கே நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. "மலை ஏறுமா" என்று கேட்டவர்களைவிட "மொத்தம் எவ்வளவு ஆகும், யார் சொல்வதை நம்புவது" என்று கேட்டவர்கள்தான் அதிகம். நீலகிரியில் இருக்கும் நம்மில் பலர் கார் பார்க்கக் கோவைக்குத்தான் இறங்குகிறோம். ஒரே நாளில் பார்த்து, ஓட்டி, பேசி, முன்பணமும் கட்டிவிட்டு இருட்டுவதற்குள் மலை ஏறவேண்டும் என்று ஓடி வருகிறோம், அந்த அவசரத்தில்தான் பணம் போகிறது. வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன்.

"அரசு மானியம் கழித்த விலை என்று ஷோரூமில் சொல்கிறார்கள். கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்றும் சொன்னார்கள். உண்மையா?" – ஆசிரியை, கோத்தகிரி

இல்லை டீச்சர். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மத்திய அரசு தரும் ரொக்க மானியம் எதுவும் இல்லை. ஃபேம்-2 திட்டம் 2024 மார்ச் 31-ல் முடிந்தது. அது நடந்த காலத்திலும் வாடகைக்கு ஓடும் கார்களுக்குத்தான் பணம் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்க்கப்பட்டன, கார் மட்டும் சேர்க்கப்படவில்லை. அவர்கள் சொன்ன வரிச் சலுகை 80இஇபி பிரிவில் வருவது, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இன்று எடுக்கும் கடனுக்குக் கிடையாது. இதைச் சொல்லி விற்கப் பார்த்தவர் கொடுத்த மற்ற கணக்குகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் கிடைக்கிறது என்றால், முதலில் ஜி.எஸ்.டி. மின்சார காருக்கு 5 சதவீதம்தான். பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சிறியது 18, பெரியது 40 சதவீதம். ஆனால் இந்த லாபம் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே (சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்க்காத விலை) அடங்கிவிட்டது, அதைத் தனியாகக் கழித்துக் காட்டினால் ஏற்கெனவே உங்களுக்குச் சேர்ந்ததையே மறுபடி விற்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய சலுகை சாலை வரியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் காருக்கு அதுவே 2 லட்சத்து 16 ஆயிரம். மின்சார காருக்கு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள், 2023 கொள்கையில் அது 2025 டிசம்பர் 31 வரை என்று இருந்தது. இப்படித் தேதி போட்டு வரும் சலுகையில் நீங்கள் புக் செய்த நாள் எதற்கும் உதவாது, வண்டி பதிவாகும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும். அதனால் கொட்டேஷனில் "சாலை வரி: இல்லை" என்று எழுதி, அரசாணை எண்ணையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். டெலிவரி தள்ளிப்போனால் வித்தியாசம் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் முன்வரி) பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்ப வந்துவிடும். நிறைய பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

"8 லட்சம் கடன் வேண்டும். ஷோரூம் ஏற்பாடு செய்யும் கடன் 7 சதவீதம், ஆனால் தள்ளுபடி இல்லை. வெளியே வங்கியில் எடுத்தால் 9 சதவீதம், 60 ஆயிரம் தள்ளுபடி உண்டு. குறைந்த வட்டிதானே நல்லது?" – தொழிற்சாலை ஊழியர், அருவங்காடு

உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம் தம்பி. 8 லட்சம், 7 சதவீதம், 5 வருடம்: மாதத் தவணை 15,841 ரூபாய். வங்கியில் எடுத்தால் தள்ளுபடி போக உங்களுக்குத் தேவை 7 லட்சத்து 40 ஆயிரம்தான். 9 சதவீதத்தில் அதற்குத் தவணை 15,361. மாதம் 480 ரூபாய் குறைவு, 60 மாதத்தில் 28 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். ஆக வட்டி அதிகமாகத் தெரிந்த கடன்தான் உங்களுக்கு மலிவு. தள்ளுபடி 60 ஆயிரத்துக்குப் பதில் 20 ஆயிரமாக இருந்திருந்தால் கணக்கு அப்படியே மாறியிருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், 8 வருடக் கடனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஸ்டேட் வங்கியின் பசுமை கார் கடன் போன்றவற்றில் 8 வருடம் வரை தருகிறார்கள், வட்டியிலும் சாதாரண கார் கடனைவிடச் சிறு குறைப்பு உண்டு. 8 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 5 வருடம் என்றால் மொத்த வட்டி 1 லட்சத்து 96 ஆயிரம், 8 வருடம் என்றால் 3 லட்சத்து 25 ஆயிரம். மாதம் கையைக் கடிக்காது என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலான பேட்டரிகளின் வாரண்டியும் 8 வருடம்தான். கடைசித் தவணை கட்டும் மாதத்தில் வாரண்டியும் முடிந்து நிற்கும் காரை என்ன விலைக்கு விற்பீர்கள்? முடிந்தால் 5-க்குள் முடித்துவிடுங்கள்.

எந்தக் கடனாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிராசஸிங் ஃபீஸ் முதலியவற்றையும் சேர்த்த வருடாந்திரச் சதவீதம் அதில் இருக்கும். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதில் பார்க்கலாம்.

"பேட்டரி இல்லாமல் காரை மட்டும் வாங்கி, பேட்டரிக்குக் கிலோமீட்டர் வாடகை கட்டும் திட்டம் லாபமா?" – நர்சரி வைத்திருப்பவர், கூடலூர்

நீங்கள் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்பதுதான் இதில் முழு விஷயமும். எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி வாடகையோடு 9.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றார்கள். பேட்டரியோடு முழு விலை 13.50 லட்சம். அந்த எண்களையே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.51 லட்சம், அதை 3.50-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பேட்டரியை வாங்கிவிடுவதே மலிவு. வித்தியாசத்தையும் கடனில்தான் எடுப்பீர்கள் என்றால் 9 சதவீத வட்டியைச் சேர்த்து அந்தக் கோடு 1 லட்சத்து 25 ஆயிரம் வரை தள்ளிப்போகும்.

கேட்டால் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை நல்லது போலத் தெரியும், இல்லையா? இங்கேதான் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வருகிறது. மாதம் 1,500 கிலோமீட்டருக்காவது கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மாதம் 5,250 ரூபாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும். நீங்கள் மாதம் 700 கிலோமீட்டர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்போது உங்கள் நிஜ வாடகை கிலோமீட்டருக்கு 7.50. மழையில் மலைப்பாதை அடைத்துக் கிடக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுவீர்கள். பேட்டரிக்கே கடன் எடுத்தால் தவணை 7,286 வரும், ஆனால் 60 மாதத்தில் அது முடிந்து பேட்டரி உங்களுடையதாகிவிடும். என் கருத்தைக் கேட்டால், உங்கள் ஓட்டத்துக்கு இது வேண்டாம். பிடிவாதமாக எடுப்பதென்றால் குறைந்தபட்ச கிலோமீட்டர், வாடகை ஏறுமா, வண்டியை விற்கும்போது ஒப்பந்தம் யார் தலையில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"25 யூனிட் பேட்டரிக்கும் 35 யூனிட்டுக்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் சொல்கிறார்கள். மாதம் இரண்டு முறை அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். சின்னது போதாதா?" – ஊட்டி

இந்தக் கேள்விக்கு ஷோரூமில் யாரும் சரியான பதில் சொல்லமாட்டார்கள், அவர்களுடைய ரேஞ்ச் எண் சமவெளிக்கானது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. ஆட்களோடு 1,500 கிலோ வரும் காரை அந்த 1,900 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 8 யூனிட் வேண்டும். டயர் ஓட்டம், மற்ற இழப்பு எல்லாம் சேர்த்தால் பர்லியாறு வழியாக ஊட்டி வரை 14 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 5. ஆக ஏறி வர 19.

இறங்கும்போது கதையே வேறு. என் காரில் குன்னூரில் 80 சதவீதத்தில் கிளம்பி, கல்லாறு பாக்குத் தோப்பு வரும்போது மீட்டர் 84 காட்டும். முதல் தடவை மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஒரு விஷயம்: 100 வரை ஏற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்ப மின்சாரம் போக இடம் இருக்காது, வண்டியைப் பிடிக்கும் ரீஜென் (இறக்கத்தில் மோட்டாரே பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் முறை) வேலை செய்யாமல் வேலை முழுவதும் பிரேக் மேல் விழும். 85, 90 போதும்.

இறங்கிப் போய் ஊருக்குள் சுற்ற 8, 9 யூனிட், திரும்ப 19, மொத்தம் 28. 35 யூனிட் பேட்டரி 90-ல் கிளம்பினால் போய் வந்துவிடும். 25 என்றால் ஒவ்வொரு முறையும் கீழே சார்ஜரில் நிற்கவேண்டும், அதுவும் உடம்பு முடியாத அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒன்றரை லட்சத்தைக் கொடுங்கள், மேல் மாடல் அலங்காரங்களை விட்டுவிடுங்கள். ஊட்டிக் குளிரில் சன்ரூஃப் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும், 501-லிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 285 யூனிட் போலக் கூடும். இப்போதைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும் பார்த்துவிடுங்கள், எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் வேலையே செய்யாது.

"மூன்று வருடம் ஓடிய மின்சார காருக்கு 7 சதவீதம் ஃப்ளாட் வட்டியில் கடன் தருகிறார்கள். எடுக்கலாமா? இன்சூரன்ஸும் அவர்களிடமேதான் போடவேண்டுமாம்." – குன்னூர்

ஃப்ளாட் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். 8 லட்சத்துக்கு 7 சதவீதம் ஃப்ளாட், 5 வருடம் என்றால் வட்டி 2 லட்சத்து 80 ஆயிரம், தவணை சரியாக 18,000. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முழு 8 லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். வங்கி சொல்லும் குறையும் வட்டியில் இது ஏறக்குறைய 12.5 சதவீதம். இதை 9 சதவீதக் கடனோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

இன்சூரன்ஸ் அவர்களிடமே போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த பிரீமியத்துக்கும் நான் வெளியே எடுத்ததற்கும் 14 ஆயிரம் வித்தியாசம், அதே காப்பீட்டுத் தொகை, அதே ஜீரோ டிப்ரிஸியேஷன் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது). வெளியே எடுக்கிறேன் என்றதும் "டெலிவரி தாமதமாகும்" என்றார்கள். தாமதமாகட்டும் என்றேன், சொன்ன தேதியிலேயே வந்தது. மின்சார காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 2022 ஜூன் முதல் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, பழைய காரில் பேட்டரி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். ஆயுட்கால வாரண்டி என்று விளம்பரம் செய்யப்படுபவை முதல் உரிமையாளருக்கு மட்டும் இருக்கலாம், இரண்டாவது ஆளுக்கு 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் என்று சுருங்கிவிடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் அடமானமாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள், கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லாச் சான்று), அடமானத்தை நீக்கும் 35-ஆம் படிவமும் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.