காரைக்குடி முதியோர் இல்லம்: இட்லி ஆறிப்போகிறது, இன்னொரு சமையல்காரர் தேவையா?

தேவையில்லை. 28 பேருக்கு இப்போதிருக்கும் இரண்டு சமையல் ஆட்களே போதும். உங்களுக்கு வேண்டியது பரிமாற ஓர் ஆள், அதுவும் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை மட்டும். பந்தி பரிமாறிப் பழகியவர்கள் உங்கள் ஊரில் கிடைக்காமலா போவார்கள்?

இட்லி ஆறிப்போய்ப் பாதித் தட்டு திரும்பி வருகிறது, ஆயாக்களுக்கு எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கும். இரவு ஆள் கிளம்பும் அவசரத்தில், பகல் ஆள் குளிப்பாட்டும் அவசரத்தில். நடுவில் தட்டு காத்துக் கிடக்கும். ஷிஃப்டை ஏழுக்கு மாற்றிப் பாருங்கள்.

அதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் இரண்டே நேரம் குறியுங்கள்: இட்லியை இறக்கிய நேரம், கடைசி ஆள் சாப்பிடத் தொடங்கிய நேரம். அரை மணிக்கு மேல் இடைவெளி இருந்தால் சமையல்காரர் மேல் குற்றமில்லை.

போதாததற்கு உங்கள் இல்லம் பழைய செட்டிநாட்டு வீடு. அடுப்படி வீட்டின் பின்கோடியில், சாப்பாடு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில். நடுவில் எத்தனை நிலைப்படி! ஹாட்பாக்கை வளவிலேயே வைத்து, "ஆச்சி, இட்லியா பணியாரமா?" என்று கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். தானே கேட்டு வாங்கியதை மிச்சம் வைப்பது குறைவு.

ஒன்று மட்டும்: விழுங்கச் சிரமப்படுகிறவர்களைப் புது ஆளிடம் விடாதீர்கள், புரையேறிவிடும். பழகிய ஆயா நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் உள்ளே போனதைப் பார்த்தபிறகே அடுத்த வாய் ஊட்ட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.