ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு லேட் ஆகுமா?

22 மாசப் பையன் 20 வார்த்தைதான் பேசுறான், அவன்கிட்ட நீங்க தமிழ்ல, அவன் அப்பா இங்கிலீஷ்ல பேசுறீங்க, அதனால தமிழை நிறுத்தச் சொல்லி வீட்ல பிரஷர்னு எழுதியிருக்கீங்க. நிறுத்தாதீங்க சிஸ்டர். ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு தாமதமாகாது, இதை யாரு கிளப்பி விட்டாங்களோ தெரியல, இன்னும் சுத்திட்டே இருக்கு.

அந்த 20 எப்படி எண்ணுனீங்க? ரெண்டு மொழியையும் சேர்த்து எண்ணணும், பூனைன்னும் கேட்னும் சொன்னா அது ரெண்டு, ஆட்டைப் பாத்தா எப்பவும் ‘ம்மே’ன்னு சொன்னா அதுவும் ஒண்ணு. 2 வயசு வாக்குல சுமாரா 50 வார்த்தை, ‘அப்பா வா’ மாதிரி ரெண்டு வார்த்தை சேக்குறது, இதைத்தான் டாக்டருங்க பாப்பாங்க. கலந்து பேசுனா விடுங்க, அது சகஜம்.

என்னைக் கேட்டா எண்ணிக்கையை விட முக்கியம் புரியுதாங்கறது. கையைக் காட்டாம ‘ஷூ எடுத்துட்டு வா’ன்னு சொல்லிப் பாருங்க, எடுத்துட்டு வர்றானா, வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டுறானா, கூப்பிட்டா திரும்புறானா? இதுல எதாவது இடிச்சா, இல்ல முன்னாடி பேசுன வார்த்தை காணாமப் போயிருந்தா, 2 வயசு வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டர்ட்ட காட்டுங்க. எப்படி இருந்தாலும் காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைன்னா காதுக்குள்ள நீர் கோத்து சத்தம் மங்கலாக் கேக்க வாய்ப்பிருக்கு. ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட போனா ரெண்டு மொழியும் கேக்குறான்னு முதல்லயே சொல்லிடுங்க.