லைம் ரெஜிஸ் கிளைப் பாதையில் 1880களின் நீராவி எஞ்சின்கள் 1961 வரை ஓடியது ஏன்?

பழைமையின் மேல் இருந்த பாசத்தால் அல்ல. அந்த வளைவுகளில் தேய்மானமில்லாமல் திரும்பவும், அந்த ஏற்றத்தில் பெட்டிகளை இழுக்கவும் தெரிந்த வேறு எஞ்சின் கைவசம் இல்லை.

தென்மேற்கு இங்கிலாந்தில் ஆக்ஸ்மின்ஸ்டரிலிருந்து கடலோர ஊரான லைம் ரெஜிஸுக்குப் போன இந்தப் பாதை சுமார் 11 கிலோமீட்டர். 1896-ம் ஆண்டின் இலகு ரயில் சட்டப்படி, செலவைக் குறைத்துப் போட்டார்கள். 1903 ஆகஸ்ட் 24 அன்று திறந்தார்கள். மலையைக் குடையாமல் அதன் வளைவை ஒட்டியே தண்டவாளம் போனது. ஆகவே வளைவுக்குமேல் வளைவு, அதோடு 40-க்கு 1 என்ற ஏற்றம் (40 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும்). கட்டும்போது மிச்சம் பிடித்த காசை அடுத்த அறுபது வருடமும் எஞ்சின் பராமரிப்பில் கட்ட வேண்டியிருந்தது என்பேன்.

முதலில் வந்தவை 'டெரியர்' எனப்பட்ட குட்டி எஞ்சின்கள். மூன்று அச்சுகளும் எஞ்சினின் அடிச்சட்டத்தோடு இறுகப் பிணைந்தவை, இழுதிறனும் குறைவு. அடுத்து வந்த ஓ2 வகையில் பெரிய சக்கரங்கள்தான் முன்னால். வழிகாட்ட அவற்றுக்கு முன் சிறு சக்கரம் கிடையாது. வளைவில் முழு எஞ்சினையும் திருப்பும் வேலை முன்சக்கரத்தின் விளிம்பில் விழும். விளிம்பு தேயும், சட்டத்துக்கும் அழுத்தம் ஏறும்.

1913 முதல் வந்த, ஆடம்ஸ் வடிவமைத்த 0415 வகை இதற்கு விடை. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள் தனிச் சட்டத்தில் திரும்பி வழிகாட்டும். பின்னச்சுதான் சூட்சுமம்: அதன் அச்சுப்பெட்டி (அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி) வில்போல் வளைந்த காடிக்குள் பக்கவாட்டில் நகரும். நகரும்போதே அச்சு வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிவிடும். விறைப்பாக நிற்பவை நடுவிலுள்ள இரண்டு அச்சுகள் மட்டுமே.

இந்த வகையில் மொத்தம் 71 எஞ்சின்கள் கட்டியிருந்தார்கள். 1920களின் முடிவில் இந்தப் பாதைக்கென இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டார்கள். இரண்டு போதாமல், கென்ட்டில் ஒரு சிறு ரயில்வேக்குப் போயிருந்த மூன்றாவதை 1946-ல் திரும்ப வாங்கினார்கள். கோடைச் சனிக்கிழமைகளில் லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேராக வரும் பெட்டிகளை இழுக்க இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து பூட்டப்படும். 1958-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் 1400 வகையைச் சோதித்தார்கள். ஏற்றத்தில் அது திணறியது. பாதையைச் சீரமைத்த பிறகே, 1961-ல் ஐவட் வடிவமைத்த புது எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கும் ஆயுள் குறைவு: 1965 நவம்பர் 29-ல் பாதையே மூடப்பட்டது. நிலையம் ஊர் மையத்திலிருந்து தள்ளி, கடல்மட்டத்துக்கு 75 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருந்ததும் பயணிகளுக்குத் தோதாக இல்லை.

பாதையின் கேனிங்டன் மேம்பாலத்தையும் சொல்லியாக வேண்டும். சுமார் 28 மீட்டர் உயரம், தூண்களுக்கிடையே பத்து வளைவுகள், முழுக்கக் கான்கிரீட். உள்ளூர்ச் சிக்கிமுக்கிக் கல்லையே உடைத்து ஜல்லியாகப் போட்டார்கள். கட்டும்போதே மேற்கு முனை இறங்கியது. மூன்றாவது வளைவுக்குள் செங்கல்லால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். திறப்பு தாமதமானதற்கு இதுவும் காரணம். அப்லைம் கிராமத்தருகே பாலம் இன்றும் நிற்கிறது, அந்த முட்டு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மூன்றாவதாக வாங்கிய எஞ்சின், எண் 488, சசெக்ஸின் ப்ளூபெல் ரயில்வேயிடம் இருக்கிறது.