அது யார் வீடு?

வணக்கம் அம்மா,

போன மாதம் ரோம் போயிருந்தேன். புனித பேதுரு பேராலயத்தில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்ணின் கல்லறை கண்ணில் பட்டது. ஒரு கையில் படைத்தலைவரின் கோல், இன்னொரு கையில் போப்பின் மணிமுடியும் சாவியும். கனோசாவின் மட்டில்டா என்றார் வழிகாட்டி. "போப் ஏழாம் கிரகோரியின் கோட்டை வாசலில் பேரரசர் நான்காம் ஹென்றி மூன்று நாள் பனியில் நின்றாரே, அப்போது உடனிருந்தவர். போப்பின் காதலி என்றும் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் போப்புகளின் பக்கமே நின்ற ஒருவரை அதிகாரமுள்ள பெண் என்று சொல்ல முடியுமா? அவர் அவர்களுக்கு ஒரு கருவிதானே? மூன்று நாள் பனியில் நின்றது உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது மட்டில்டாவின் ஓவியம் ஒன்றின் அச்சுப்படி என் மேசைமேல் கிடந்தது. ஒரு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். 'போப்பின் காதலி என்றும் சொல்வார்கள்' என்று அந்த வழிகாட்டி சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டாமா? சொன்னவர்கள் யார், எப்போது சொன்னார்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். 1076 ஜனவரியில் ஹென்றி தன் பக்கத்து ஆயர்களை ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில் கூட்டினார். ஆயர்களை நியமிப்பது அரசரா போப்பா என்பதுதான் சண்டை. கிரகோரி இனி போப்பே இல்லை என்று அந்த ஆயர்கள் எழுதிய கடிதத்தில்தான் இந்தக் குற்றச்சாட்டு வருகிறது: இன்னொருவன் மனைவியோடு ஒரே வீட்டில் இருக்கிறார், பெண்களின் சபை ஒன்றுதான் திருச்சபையை நடத்துகிறது என்று. ஒரு போப்பைக் கவிழ்க்கக் கிளப்பிய வதந்தி அது. தொள்ளாயிரம் வருடங்களுக்கு மேலாகியும் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வருடம் மட்டில்டாவுக்கு எப்படிப் போனது தெரியுமா? ஒரே குழந்தை 1071-லேயே கைக்குழந்தையாக இறந்துவிட்டது. அவர் பிரிந்து வந்த கணவர் கோட்ஃப்ரி, வோர்ம்ஸ் கூட்டத்தில் ஹென்றி பக்கம் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே அவரை யாரோ கொன்றுவிட்டார்கள். ஏப்ரலில் அம்மா பியாட்ரிஸ் போய்விட்டார். அப்பாவை வேட்டைக்காட்டில் கொன்றபோது மட்டில்டாவுக்கு ஆறு வயது இருக்கும். கூடப்பிறந்தவர்களும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். முப்பது வயதில், இத்தாலியின் டஸ்கனியிலிருந்து போ ஆற்றுக்கு அப்பால் வரை பரந்த நிலத்துக்குத் தனியொரு ஆளாக நின்றவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. 'போப்பின் கோட்டை வாசலில்' என்று எழுதியிருக்கிறீர்கள். கனோசா போப்பின் கோட்டை இல்லை. அது மட்டில்டாவின் வீடு.

இது சின்னத் திருத்தம் இல்லை, ர. கல்லூரியில் எங்கள் வரலாற்று ஆசிரியர் இந்தக் காட்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மலை, மலைமேல் கோட்டை, ஜன்னலில் தொப்பி வைத்த போப், கீழே ஒரு குச்சி மனிதன். சுற்றிலும் சாக்பீஸால் புள்ளி புள்ளியாகப் பனி. "அது யார் கோட்டை சார்?" என்று கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது" என்றார். வகுப்பே சிரித்தது. மட்டில்டாவின் பெயரை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நடந்தது இதுதான். வோர்ம்ஸ் கடிதத்துக்குப் பதிலாகக் கிரகோரி ஹென்றியைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். ஹென்றி ஒரு வருடத்துக்குள் மன்னிப்பு பெறாவிட்டால் அரசராக ஏற்கமாட்டோம் என்று ஜெர்மானியப் பிரபுக்கள் கெடு வைத்தார்கள். அவர்களைச் சந்திக்கக் கிரகோரி வடக்கே கிளம்பினார். வழியில், ஹென்றி ஆல்ப்ஸைத் தாண்டி வருகிறார் என்று சேதி வந்தது. படையோடு வருகிறாரா, பணிந்து வருகிறாரா, யாருக்கும் தெரியாது. போப் பாதுகாப்புத் தேடி ஒதுங்கிய இடம்தான் கனோசா. அங்கே அவர் விருந்தாளி. கதவு மட்டில்டாவின் கதவு, காவல் நின்றது மட்டில்டாவின் ஆட்கள். வெளியே கம்பளி உடுத்தி வெறுங்காலோடு நின்றவரும் அவருக்குச் சொந்தம்தான். மட்டில்டாவின் அம்மாவும் ஹென்றியின் அப்பாவும் அக்கா தங்கை பிள்ளைகள்.

மூன்று நாள் என்று கிரகோரியே எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கூட இருந்தவர்கள் அழுது மன்றாடினார்கள், இது அப்போஸ்தலரின் கண்டிப்பு இல்லை, கொடுங்கோலரின் கொடுமை என்றுகூடச் சிலர் முறையிட்டார்கள் என்கிறார். யார் அந்தக் 'கூட இருந்தவர்கள்'? வீட்டுக்காரி மட்டில்டா, ஹென்றியின் மாமியார் அடிலெய்ட், ஹென்றிக்கு ஞானத்தந்தையான குளூனி மடத்துத் தலைவர் ஹ்யூ. மன்னித்தால் ஜெர்மனியில் தன் பக்கம் இருக்கும் பிரபுக்கள் கைவிட்டுப் போவார்கள் என்று கிரகோரிக்குத் தெரியாதா? தெரிந்தும் மன்னித்தார். கருவியா என்று கேட்டீர்களே, அந்த மூன்றாம் நாளில் வளைந்தது யாருடைய கை?

இப்போது அந்த ஓவியம். கனோசா மடத்துத் துறவி டோனிசோ, மட்டில்டாவின் வரலாற்றைச் செய்யுளாக எழுதினார். 1115-ல் முடித்து மட்டில்டாவின் கையில் கொடுக்க இருந்த நேரத்தில், ஜூலை 24 அன்று அவர் இறந்துவிட்டார். அந்த ஏடு இன்று வத்திக்கானில் இருக்கிறது. அதில் கனோசா காட்சி வரையப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் ஹ்யூ, கையில் கோலோடு உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் வளைவு மண்டபத்தின் கீழ் மட்டில்டா அமர்ந்திருக்கிறார். நடுவில், கீழே, முடியோடு மண்டியிட்டிருக்கிறார் ஹென்றி. அவர்கள் இருவரையும்விடச் சின்ன உருவம். அடியில் ஒரு வரி: 'அரசன் மடத்தலைவரைக் கேட்கிறான், மட்டில்டாவையும் மன்றாடுகிறான்.' போப்? படத்தில் போப்பே இல்லை, ர. மட்டில்டாவின் சொந்த மண்ணிலிருந்து, அவர் பார்க்கவென்று எழுதியவருக்குக் கனோசா என்றால் இதுதான். போப் எட்டாம் அர்பன் ஐந்நூறு வருடங்கள் கழித்து மட்டில்டாவின் உடலை ரோமுக்குக் கொண்டுபோய், சிற்பி பெர்னினியைக் கொண்டு கல்லறை எழுப்பியபோது, பெட்டியின் முகப்பில் அதே காட்சியைச் செதுக்கினார்கள். அதில் ஹென்றி மண்டியிடுவது கிரகோரிக்கு முன்னால். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஹென்றி அப்போது பேரரசர் இல்லை, அரசர்தான். பேரரசராக முடிசூடியது 1084-ல், அதுவும் தானே நிறுத்திய எதிர்ப் போப்பின் கையால். அதைப் பெரிதாக்க வேண்டாம்.

தனக்காகக் கெஞ்சியவருக்கு ஹென்றி என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மறுபடி சண்டை மூண்டது. 1081-ல் லூக்கா நகரத்தில் மட்டில்டா துரோகி என்று தீர்ப்பளித்து, அரசர் வழியாக வந்த நிலங்கள் அத்தனையும் பறித்தார். குடிகள் பலர் மட்டில்டாவைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் மட்டில்டா கனோசா கோயிலின் பாத்திரங்களை உருக்கி, எழுநூறு பவுண்டு வெள்ளியும் ஒன்பது பவுண்டு தங்கமும் கிரகோரிக்கு அனுப்பினார். கிரகோரி 1085-ல் சலேர்னோவில், ரோமுக்குத் திரும்ப முடியாமலே இறந்தார். அதற்கப்புறமும் மட்டில்டா விடவில்லை. யார் கருவியாகவாம்? ஏவுவதற்கு அந்த மனிதரே இல்லையே!

1092 அக்டோபரில் ஹென்றி மறுபடி கனோசா மலையடிக்கு வந்தார். இந்த முறை வெறுங்காலோடு இல்லை, படையோடு. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் தான் நின்ற வாசலை உடைக்க வந்தார். அன்றைக்கு மலையில் மூடுபனி. மட்டில்டாவுக்கு ஒவ்வொரு தடமும் தெரியும், ஹென்றிக்குத் தெரியாது. அவருடைய கொடியை மட்டில்டாவின் ஆட்கள் பிடுங்கிவிட்டார்கள். அதைக் கொண்டுபோய்க் கனோசா கோயிலில், உருக்கிய பாத்திரங்கள் இருந்த அதே கோயிலில், வைத்தார்கள்.

உங்கள் போனில் அந்தக் கல்லறையின் படம் இருக்கும் அல்லவா? முகப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தன் சொந்த வீட்டில் மட்டில்டாவை எங்கே நிற்க வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.