ஈறில் ரத்தம் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தில் மிட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. நான்கு வருடமாகத் துடிப்பும் தாறுமாறாக இருப்பதால், ரத்தம் கட்டியாகாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. இடித்த ஞாபகமே இல்லாமல் கையும் தொடையும் கன்றிப்போகின்றன. “அது எலி மருந்தாச்சே” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பயந்துபோய் மூன்று நாளாக நிறுத்திவிட்டேன். கீரையை விட்டு ஒரு வருடமாகிறது. மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். மகன் புது மாத்திரைக்கு மாறச் சொல்கிறான். பழனியில் மொட்டை போடும் வேண்டுதலும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதைத்தான் முதலில் எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அசிட்ரோமின் வேலை இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். நிறுத்தியவர்கள் அன்றைக்கே மருத்துவரிடம் போய் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, அவர் சொல்லும் அளவில் மறுபடி தொடங்க வேண்டும். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்வது ஆபத்து.

இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் படபடத்துக்கொண்டே இருந்தால், அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அது மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு நன்றாக இருப்பவர்களுக்கே இந்தத் துடிப்புக் கோளாறால் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுகிறது. வால்வும் சுருங்கிய உங்களுக்கு அதைவிட மிக அதிகம். ஈறில் கசியும் ரத்தத்தை நாம் பார்க்கிறோம், பயப்படுகிறோம். உள்ளே கட்டி சேர்வது யாருக்கும் தெரிவதில்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு “நானேதான் நிறுத்தினேன் டாக்டர்” என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததற்குக் காரணம் தேடி அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. மறு வருடம் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். உங்கள் அசிட்ரோமும் அதே குடும்பம்தான். அளவுதான் எல்லாம். அந்த அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர். உங்களைப் போன்றவர்களுக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது ஐந்து மாதம் என்றீர்கள். அளவு சீராக இருக்கும்போதும் மாதம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

எனக்கு உறுத்துவது அந்த மூட்டு வலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். அசிட்ரோமோடு சேர்ந்தால் இரட்டை ஆபத்து. இன்றோடு விடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை, அதையும் மருத்துவர் சொல்லும் அளவில். காய்ச்சலுக்குப் போனால் “இடுப்பில் ஊசி போடுங்கள்” என்று நீங்களே கேட்காதீர்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். மெட்ரோனிடசோல் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். சூரணம், லேகியம் எதுவானாலும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கீரையை நீங்கள் விட்டிருக்கவே வேண்டாம். முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் சிக்கல் கீரையில் இல்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று சாப்பிடுவதில்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் என்றால் எப்போதும் அதே இரண்டு நாள், அதே அளவு. மறுபடி தொடங்கும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஈறுக்கு மென்மையான பிரஷ் வாங்குங்கள், பல் மருத்துவரையும் பாருங்கள். பல்லைப் பிடுங்கச் சொன்னால் மாத்திரையை நிறுத்துவதா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து மூக்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், கசிவு நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் போங்கள். உள்ளே மெதுவாகக் கசியலாம்.

மகனின் அக்கறை எனக்குப் புரிகிறது. வால்வு சுருக்கம் இல்லாத பலருக்குப் புது மாத்திரைகள் நல்ல வசதி. ஆனால் உங்களைப் போன்ற ருமாட்டிக் நோயாளிகளுக்கு அப்படி இல்லை. 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானது. ரிவராக்ஸபான் என்ற புது மாத்திரை எடுத்தவர்களைவிட, அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரை எடுத்தவர்களுக்கே இறப்பு குறைவு. இதை மகனிடமும் காட்டுங்கள்.

சரி, மொட்டை. தாராளமாகப் போடலாம், ஐ.என்.ஆர். சரியான அளவுக்கு வந்த பிறகு. புது பிளேடு போடச் சொல்லுங்கள், மாத்திரை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீறல் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். படியேற வேண்டாம் அம்மா, விஞ்சிலோ ரோப் காரிலோ போய் வாருங்கள். அன்றைய மாத்திரையைக் கைப்பையில் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.