லண்டன் லீஸ்ஹோல்டு ஃபிளாட்டில் உட்சுவரை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்க வேண்டும், கவுன்சிலிடம் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கவுன்சில் கட்டட விதிகள் போன்றவற்றைத்தான் பார்க்கும், உங்கள் லீஸைப் பார்க்காது. பல லீஸ்களில், அதாவது ஃபிளாட்டை நமக்குத் தரும் நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தங்களில், சுவரின் பூச்சு வரைதான் நம்முடையது. பாரம் தாங்கும் சுவரின் செங்கல், கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருடையது. வீட்டுக்கடனை நாம் கட்டுகிறோம் என்பதால் இது மாறிவிடாது.

பில்டரை அழைக்கும் முன் லீஸில் மாற்றங்கள் பற்றிய பிரிவைத் தேடிப் படியுங்கள். "எழுத்துமூல ஒப்புதல் இன்றிச் செய்யக்கூடாது" என்றிருந்தால் கவலையில்லை. நீங்கள் செய்யப்போவது வீட்டை மேம்படுத்தும் வேலை என்றால், 1927ஆம் ஆண்டின் உரிமையாளர்-குத்தகையாளர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 19(2) பிரிவுப்படி ஃப்ரீஹோல்டர் தகுந்த காரணமின்றி மறுக்க முடியாது. "தகுந்த காரணமின்றி மறுக்கக்கூடாது" என்ற வாசகம் லீஸில் இல்லாவிட்டாலும் சட்டம் அதைச் சேர்த்தே படிக்கும்.

"செய்யவே கூடாது" என்று மொட்டையாக முடிந்திருந்தால்தான் தலைவலி. அப்போது ஃப்ரீஹோல்டர் மனமிரங்கினாலும் பயனில்லாமல் போகலாம். லண்டனின் ராண்டால்ஃப் கிரெசென்ட் தெருவில் ஒன்பது ஃபிளாட்கள் உள்ள ஒரு கட்டடத்தில், அடித்தளத்தில் பாரம் தாங்கும் சுவரின் ஒரு பகுதியை எடுக்க ஒருவர் அனுமதி கேட்டார். ஃப்ரீஹோல்டரும் தரத் தயாராக இருந்தார். அதே கட்டடத்தில் ஃபிளாட் வைத்திருந்த இன்னொருவர் எதிர்த்து வழக்குப் போட, 2020இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லா லீஸ்களிலும் ஒரே தடையை எழுதி, ஒருவர் கேட்டால் மற்றவர்மீது அதை அமல்படுத்துவதாகவும் வாக்களித்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் விலக்குத் தர முடியாது என்பதே அதன் சாரம். உங்கள் லீஸிலும் அப்படியொரு வாக்குறுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டருக்கும் சர்வேயருக்கும் வழக்கமாக நாம்தான் பணம் கட்ட வேண்டும். என் சமையலறை வேலையின்போது எனக்குப் பில்டரின் பில்லைவிட எரிச்சலூட்டியது இதுதான். தொகை நியாயமற்றது என்று தோன்றினால் சொத்து விவகாரங்களுக்கான முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரைத் தொட்டால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் தனியாக வரும். கார்ப்பெட்டை எடுத்து மரத்தளம் போடும் எண்ணம் இருந்தால் அதற்கும் லீஸைப் பாருங்கள். காலடிச் சத்தத்துக்காக அதைத் தடுக்கும் லீஸ்கள் நிறைய.

முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி ஏற்கெனவே எதையாவது இடித்திருந்தால், பதறிப்போய் ஃப்ரீஹோல்டருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் பேசுங்கள். விஷயம் ஃப்ரீஹோல்டர் காதுக்குப் போய்விட்டால், இத்தகைய சிக்கலுக்கென்றே இருக்கும் இழப்பீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காது.